மூன்றாம் சண்டைக்கு ஓர் ஆள்

கூண்டு தூத்துக்குடிக்கு வந்த வருஷத்தில்தான் இன்னாசியின் உடம்பிலிருந்து எடை இறங்க ஆரம்பித்தது. ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்த வருஷம் எல்லாமே இறங்கிக்கொண்டிருந்தது. உப்பு விலை இறங்கியது, கிணற்றில் தண்ணீர் இறங்கியது, துறைமுகத்தில் மூட்டை தூக்க ஆள் எடுப்பது இறங்கியது, அந்த வரிசையில் ஒரு மனுஷனின் எடையும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

கூண்டைக் கொண்டுவந்தவர் ஆல்வின் துரை. பதினைந்து வருஷம் கேபிள் டிவி நடத்தியவர். எந்த வீட்டில் எந்த நிமிஷத்தில் சேனலை மாற்றுவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஜனங்கள் கேபிளை விட்டுவிட்டுக் கைபேசிக்குப் போனதும், உப்பு மூட்டை சேர்த்துவைக்கும் கிட்டங்கி ஒன்று மூடிக் கிடந்ததை வாடகைக்குப் பிடித்து, எட்டு மூலையுள்ள கம்பிவலைக் கூண்டு ஒன்றை நடுவில் நிறுத்தி, நாலு கேமராவும் கைபேசியில் பார்க்க ஓர் ஆப்பும் வைத்து, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குச் சண்டை என்று அறிவித்தார். குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் புரளலாம், கழுத்தை நெரிக்கலாம். எதிராளி தரையில் மூன்று தட்டு தட்டினால் விட்டுவிட வேண்டும். ஐந்து சண்டைகள். அந்த ஐந்தை வரிசைப்படுத்துவதில்தான் அவருடைய முழு மூளையும் இருந்தது.

"இங்க பாரு இன்னாசி" என்று முதல் நாள் டீக்கடையில் உட்கார்ந்து விரல் விட்டுச் சொன்னார். "மொத ரெண்டும் உள்ளூர்ப் பயலுவ. ஒரு பயலுக்கு அம்பது சொந்தக்காரன் வருவான், கிட்டங்கி ரொம்பிரும். நாலாவது, பகை. ஒருத்தனுக்கொருத்தன் மொகத்துல முழிக்காத ரெண்டு பேர். அஞ்சாவது, ராசா. அவனப் பாக்கத்தான் எல்லாரும் கடைசிவர இருப்பான். ஆனா ராசா வானத்துலேருந்து குதிக்க மாட்டான்லா? அவன உண்டாக்கணும். அதுக்குத்தான் மூணாவது."

"மூணாவதுல நானா?"

"நீதான். துறைமுகத்துல ஒன்ன எல்லாருக்கும் தெரியும். மாதா திருவிழா குத்துச்சண்டையில ஏழு வருஷம் நின்னவன். தோத்துப் போன்னு நான் ஒருக்காலும் சொல்ல மாட்டேன், பாத்துக்க. ஒனக்கு முடிஞ்சா ஜெயி."

அது சத்தியமான வார்த்தை. ஆல்வின் துரை யாரையும் தோற்கச் சொன்னதில்லை. அவர் ஆளைத் தேர்ந்தெடுத்தார், அவ்வளவுதான். முப்பத்துநாலு வயது இன்னாசிக்கு எதிரே நாகர்கோவிலிலிருந்து இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவனுக்குக் கை நீளம், மூச்சு நீளம், முகம் சினிமாவுக்கு ஆகும் முகம். இன்னாசி ஆறு தடவை விழுந்து ஆறு தடவை எழுந்தான், ஏழாவது தடவை எழுவதற்குள் மணி அடித்துவிட்டது. எழுந்து எழுந்து வந்ததால் அந்தப் பையன் பெரிய வீரனாகத் தெரிந்தான். ஒரே அடியில் படுத்துவிடுகிறவனை வைத்து யாரையும் ராசாவாக்க முடியாது என்பது ஆல்வினுக்குத் தெரியும். தேடிப் பிடித்தது எழுகிறவனைத்தான்.

வீட்டுக்கு வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபோது கட்டில் தொய்யவில்லை. முதலில் பார்த்தது அவன் மனைவி ஜெனோவா. உப்பளத்தில் மூட்டை தைக்கிறவள், எடை என்பது அவள் கைக்குத் தெரியும். மறுநாள் காலையில் உப்பு நிறுக்கிற தராசில் அவனை ஏற்றினாள். போன வாரம் எழுபத்தேழு கிலோ. இப்போது எழுபது. அதே தோள், அதே தொடை, அதே மார்பு, பெல்ட்டில் அதே ஓட்டை.

"தராசு பொய் சொல்லுது" என்றார் உப்பள மேஸ்திரி. அதன்மேல் ஓர் உப்பு மூட்டையை வைத்தார்கள். தராசு மூட்டைக்கு உண்மையைச் சொன்னது.

எழுபது கிலோ வகுப்பு என்று ஒன்று இருப்பதால் ஆல்வின் அடுத்த மாதம் இன்னாசியை அந்த வகுப்பில் போட்டார். அதில் தோற்றான், அறுபத்தாறாகி இறங்கினான். அறுபத்தாறில் தோற்று அறுபத்தொன்றானான். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சர்க்கரை, தைராய்டு, சளி எல்லாம் பார்த்துவிட்டு எல்லாமே சரியாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். அவன் நன்றாகத்தான் சாப்பிட்டான்.

பார்வைக்கு ஆறடி ஆள், எடைக்கு ஐம்பத்தேழு கிலோ என்று ஆனபோது எதிரே வந்தவர்கள் எல்லாம் அவன் நெஞ்சுயரம்தான் இருந்தார்கள். இவ்வளவு பெரிய உடம்பு அந்தச் சின்ன உடம்புகளைத் துவைத்துவிடும் என்று கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்த எல்லோரும் நினைத்தார்கள், நினைத்ததனாலேயே பார்த்தார்கள்; ஆனால் கனமில்லாத கையால் குத்தினால் அது குத்தல்ல, தொடுவது. சின்னப் பையன்கள் அவனை இடுப்பில் பிடித்துத் தூக்கிக் கூண்டின் வலையில் அறைந்தார்கள். அவன் எழுந்தான். மறுபடி அறைந்தார்கள். மறுபடி எழுந்தான். ஆல்வின் அவன் பெயரை மூன்றாவது இடத்திலிருந்து ஐந்தாவதுக்கு மாற்றினார். ராசாக்கள் மூன்றாவதுக்கு இறங்கினார்கள்.

ஊர் தன் வழியில் அவனுக்கு இடம் செய்து கொடுத்தது. துறைமுகத்தில் அவன் தூக்கிய மூட்டையே அவனைக் கீழே இழுத்துவிட்டதால் வேலை போயிற்று. வேலையை விட்டு நிறுத்திய துறைமுக மேஸ்திரியே வாரம் ஒரு நாள் மீன் கொடுத்தனுப்பினார். வலை பின்னுகிறவர்கள் வலையில் கட்டும் ஈயக் குண்டுகளைக் கொடுத்தார்கள், ஜெனோவா அதை வேட்டி ஓரத்திலும் சட்டை மடிப்பிலும் வைத்துத் தைத்தாள். டீக்கடையில் அவன் மடியில் வைக்க ஒரு கல் இருந்தது, வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர் அவனை ஜன்னலோரம் விடமாட்டார். கச்சான் காற்று வீசுகிற நாளில் தெருவில் இருக்கும் பெண்கள் வாசலுக்கு வந்து, "ஜெனோவா, காத்து கெளம்பிட்டு, அவரப் பிடிச்சுக்க" என்று குரல் கொடுப்பார்கள், துணி எடுக்கச் சொல்வதுபோல.

பன்னிரண்டாவது தோல்விக்குப் பிறகு பத்தொன்பது கிலோ. அங்கன்வாடி டீச்சர் அவனைக் கூப்பிட்டனுப்பி, குழந்தைகளை நிறுக்கும் தராசில் நிறுத்தி, பச்சை மஞ்சள் சிவப்பு என்று கோடு போட்ட அட்டையில் அவன் பெயருக்கு நேராகச் சிவப்பில் ஒரு புள்ளி வைத்து, மாதம் இரண்டு பை சத்துமாவு என்று எழுதிக் கொடுத்தார். "மேலதிகாரி கேட்டா வயசு நாலுன்னு சொல்லிருவோம்" என்றார். இன்னாசி வெட்கப்பட்டுக்கொண்டே பையை வாங்கிக்கொண்டு வந்தான். காற்றில் பறந்துவிடாமல் இருக்க அந்தப் பையும் உதவியது.

இவ்வளவும் செய்த அதே ஊர், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கைபேசியைத் திறந்து வைத்துக்கொண்டது. ஒரு திங்கட்கிழமை காலையில் ஜெனோவா டீக்கடை முன்னால் நின்று கேட்டாள்: "நேத்து யாரெல்லாம் பாத்திய?" பெஞ்சில் இருந்த பதினோரு பேரும் தம்ளருக்குள் பார்த்தார்கள்.

"பாவம்னுதாம்மா பாத்தோம்" என்றார் கடைக்காரர். அதிலும் பொய்யில்லை.

இன்னாசியிடம் அவள் சண்டை போட்டாள். "வேண்டாம், நிறுத்துங்க. இருக்கத கொண்டு கஞ்சி குடிப்போம்."

"ஒரு தடவ ஜெயிச்சிட்டு நிறுத்திருதேன்."

"எப்படி ஜெயிப்பிய? இடுப்புல தூக்கி வச்சு ஒங்கள நானே கடைக்குக் கொண்டு போறேன்."

"ஜெயிச்சா எறங்குனது ஏறும்ல, ஜெனோவா. தோத்து எறங்குனதுதான."

அவன் சொன்னதை அவள் மூன்று நாள் மனதிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள். நாலாம் நாள் கிட்டங்கிக்குப் போனாள். ஆல்வின் ஒரு பெரிய வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்று பெயர் எழுதிய காந்த வில்லைகளை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு தடவ அவரால ஜெயிக்க முடியுத ஆளாப் பாத்துப் போடுங்க. எட கூடிரும். அதுக்கப்புறம் நாங்க இந்தப் பக்கமே வர மாட்டோம்."

ஆல்வின் வில்லையைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். கொடுமைக்காரராக அவர் முகம் மாறவில்லை. பாயசத்தில் என்ன குறைகிறது என்று ருசி பார்ப்பவரின் முகமாகத்தான் இருந்தது.

"ஒம்பது கிலோதான் இருக்கான், கடைசியா நிறுத்தப்ப. அவன்கிட்ட தோக்குறதுக்கு ஆளு எங்க போய்த் தேட?" என்றார். பிறகு, "எட திரும்புமா, திரும்பாதா... இதப் பாப்பான். இத எல்லாவனும் பாப்பான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு வில்லைகளில் ஒன்றை எடுத்து இன்னாசியின் பெயருக்கு எதிரே ஒட்டினார். ஜெனோவா படித்தாள். செலஸ்டின்.

செலஸ்டின் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. இருபத்துமூன்று வயது, ஐம்பத்தேழு கிலோ, அதுவரை கூண்டில் தோற்காதவன். வளைகுடா நாட்டுக் கம்பெனி ஒன்று அவனைக் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வெற்றி இருந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

"எந்தம்பியையா?"

"வேற யாரு தங்கச்சி ஒம்மாப்பிள்ளைக்காக விழுவா? விழச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். பாக்கவனுக்கும் தெரியாது. அத்தானுக்காக விழுவானா, வளைகுடாவுக்காக அடிப்பானா, அந்தக் கேள்விக்குத்தான் ஊரே உக்காந்திருக்கும்."

செலஸ்டின் அக்காவின் வீட்டுக்கு இன்னாசி இல்லாத நேரமாகப் பார்த்து வந்தான். சாப்பிடச் சொன்னாள், சாப்பிடவில்லை.

"அக்கா, நான் விழுந்துருதேன்."

"ஒனக்கு அந்த வேல போயிரும்லா."

"இன்னொரு வருஷம் கேப்பான். அத்தானுக்கு இன்னொரு வருஷம் கெடையாது." வைத்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்: "எனக்குக் குத்தக் கத்துக்குடுத்ததே அவருதான். அவர்ட்ட சொல்லாத. சொன்னா கூண்டுக்குள்ள ஏற மாட்டாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை உப்பளத்தில் வேலை இல்லை, துறைமுகத்தில் பாதிப் பேர் இல்லை, பஸ்கள் காலியாக ஓடின. வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண் கிட்டங்கிச் சுவரில் சிவப்பாக ஏறிக்கொண்டே இருந்தது, ஆல்வின் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கூண்டை அல்ல. ஈயக் குண்டு எதையும் உடம்பில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. இன்னாசி வெறுங்காலுடன், தரையைத் தொட்டும் தொடாமலும், ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் எழும்பிக் கொஞ்சம் இறங்கி நடுவுக்கு வந்தான்.

முதல் சுற்றில் செலஸ்டின் அத்தானைத் தொடவே இல்லை. தொட்டதுபோல இருந்த நாலைந்து குத்துகளும் காற்றைத்தான் குத்தின. இரண்டாம் சுற்றில் இன்னாசி இடது கையால் ஒரு குத்து விட்டான். அழகான குத்து, துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்த குத்து, தோளிலிருந்து இடுப்புவரை எல்லாம் சரியாகத் திரும்பியது, ஓர் இலை வந்து கன்னத்தில் படுகிற அளவுக்குப் பட்டது. செலஸ்டின் கண்ணை மூடினான். முழங்கால் மடிந்து, பக்கவாட்டில் சாய்ந்து, பலகைத் தரையில் விழுந்தான். நடுவர் எண்ணினார். பத்துவரை எண்ணினார்.

கிட்டங்கியில் யாரும் கத்தவில்லை. இன்னாசி குனிந்து மைத்துனனின் முகத்தைப் பார்த்தான்.

"மாப்ள, எழும்புல."

செலஸ்டின் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமையிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது.

"நான் அடிச்சா விழுந்த? எழும்புல மாப்ள. எழும்பி ஒரு அடியாவது என்னய அடிச்சிரு."

நடுவர் வந்து இன்னாசியின் மணிக்கட்டைப் பிடித்து, வென்றவனின் கையை உயர்த்துவதுபோல உயர்த்தினார். கையோடு இன்னாசியும் உயர்ந்தான். பாதம் தரையை விட்டுப் பிரிந்து, நடுவரின் கைக்கு மேல் முழு உடம்பும் கொடிபோல நின்றது. நடுவர் பயந்து கையை இறக்கினார், அவன் இறங்கினான். ஆனால் விடவில்லை, விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு போய்த் தராசில் நிறுத்தினார்கள். எண் சைபரில் இருந்தது. அத்தனை தோல்வியும் சேர்ந்து விட்டுவைத்திருந்த ஒன்பது கிலோவை அந்த ஒரு வெற்றி எடுத்துக்கொண்டது. அப்போதுதான் ஜனங்கள் கைதட்டினார்கள். சுவரில் இருந்த எண் அதுவரை போகாத இடத்துக்குப் போயிற்று.

மறுநாள் ஆல்வினே வீட்டுக்கு வந்தார், ஆப்பிள் வாங்கிக்கொண்டு. "இனி போட முடியாதுப்பா" என்றார் வருத்தத்துடன். "பேருக்குப் பக்கத்துல எட எழுதுற கட்டம் இருக்கு. சைபர்னு எழுதுனா அந்த வகுப்புல எதிராளி எங்க இருக்கான்? ஒன்னய விட்டுட்டேன். நல்லாரு." விடைபெறும்போது அவர் இன்னாசியின் தோளில் தட்டிக்கொடுக்க, அவன் பின்னால் நகர்ந்து சுவரில் மோதினான்.

அதன்பின் இன்னாசி ஜெனோவாவின் முந்தானையில் வாழ்ந்தான். முனையை அவன் இடுப்பில் முடிந்து உப்பளத்துக்கும் கடைக்கும் கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு போனாள். அவள் மூட்டை தைக்கும்போது தைத்த மூட்டைகளுக்கு நடுவே அவனைச் செருகி வைத்தாள். அவனும் சும்மா இருக்கவில்லை, ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தான். அவன் அவளிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டான்: "நீதான் கேட்டியா, எனக்காக?" அவள் ஆமாம் என்றாள். அவன் இன்னொரு நூலைக் கோத்தான்.

செலஸ்டினை வளைகுடாக்காரர்கள் கேட்கவில்லை. சும்மா விழுந்தவன் என்ற பெயர் அவனுக்கு ஏற்பட்டுவிட்டது, கைபேசியில் ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் அவனைத் திட்டினார்கள். ஆல்வின் அந்தத் திட்டுகளைப் பொறுமையாகப் படித்தார். இவ்வளவு பேர் திட்டுகிற ஒருவனை யாராவது அடித்தால் இவ்வளவு பேரும் பார்ப்பார்கள். அவனை மூன்றாவது சண்டையில் போட்டார். எதிரே மதுரையிலிருந்து ஒரு மாடுபோன்ற பையன். செலஸ்டின் இந்தத் தடவை உண்மையாகச் சண்டை போட்டான், எட்டுத் தடவை எழுந்தான், தோற்றான். இறங்கியபோது ஐம்பத்திரண்டு கிலோ இருந்தான். அக்காவிடம் சொல்லவில்லை. டீக்கடையில் அவனுக்கும் ஒரு கல் எடுத்து வைத்திருப்பதை ஜெனோவா ஒருநாள் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழம மறுபடியும் இருக்காம்" என்றாள் இன்னாசியிடம். "மூணாவதுதான்."

இன்னாசி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து கையை நீட்டினான். "என்னயக் கூட்டிட்டுப் போ."

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு ஜெனோவா கணவனை முந்தானையில் கட்டிக்கொண்டு கிட்டங்கிக்குள் நுழைந்தபோது கூட்டம் இரண்டாக விலகி வழிவிட்டது, சிலர் கும்பிட்டார்கள், பலர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். இரண்டு உள்ளூர்ச் சண்டைகளும் முடிந்து, செலஸ்டின் உள்ளே போய் நின்றிருந்தான், எதிராளியும் நின்றிருந்தான், மணி அடிக்கவில்லை. இன்னாசி முடிச்சை அவிழ்த்துக்கொண்டு கம்பிவலையில் விரல்களைக் கோத்துக் கை மாற்றிக் கை மாற்றி, தலைகீழாகவும் பக்கவாட்டாகவும் மிதந்தபடி, மைத்துனன் நின்ற மூலைக்குப் போனான்.

"வெளிய வால."

"அத்தான், நீங்க ஏன் வந்திய? போங்க."

"வெளிய வாலங்கேன். இதுல ஜெயிச்சாலும் குறையும், தோத்தாலும் குறையும். நான் ரெண்டும் பாத்துட்டேன்."

"இப்பப் போனா பயந்து ஓடுனான்னு ஊரே சொல்லும்."

"சொல்லட்டும். பயந்து ஓடிருல. எனக்கு யாரும் சொல்லல, எழும்பு எழும்புன்னுதான் சொன்னாவ. நான் ஒனக்குச் சொல்லுதேன். ஓடிரு."

செலஸ்டின் அத்தானின் விரல்களைப் பார்த்தான். வலைக்கு இந்தப் பக்கம் அவன் தன் விரலை வைத்தான், அங்கே ஒன்றும் அழுத்தவில்லை, சூடு மட்டும் இருந்தது. அவன் கையுறைகளைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினான். கதவைத் திறந்து படியிறங்கினான். கூட்டம் கூச்சல் போட்டது, காலி தம்ளர்களை எறிந்தார்கள், ஒரு பாட்டில் ஜெனோவாவின் முதுகில் பட்டது. அவள் ஒரு கையில் தம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கணவனை வலையிலிருந்து விடுவித்து இடுப்பில் முடிந்துகொண்டாள்.

ஆல்வின் பதறவில்லை. சுவரில் எண் இறங்கவில்லை என்பதை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். மைக்கை வாங்கினார்.

"மூணாவது எடம் காலியா இருக்கு. இங்க இருக்கவன்ல யாருக்காச்சும் தைரியம் இருந்தா வரலாம். எதிராளி ரெடியா நிக்கான், கேமரா ஓடுது, ஒலகமே பாக்கு."

மூன்று பேரும் வாசலை அடையவில்லை, அதற்குள் கூட்டம் மறுபடி ஆர்ப்பரித்தது. ஜெனோவா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். இன்னாசி அவள் தோளுக்கு மேல் மிதந்துகொண்டிருந்ததால் அவனுக்கு எல்லாத் தலைகளையும் தாண்டித் தெரிந்தது. பெஞ்சுகளின் நடுவிலிருந்து ஓர் ஆள் சட்டையைத் தலைவழியாகக் கழற்றிக்கொண்டு எழுந்துகொண்டிருந்தான். முகம் தெரியாதவன்; புதிதாக வந்த கப்பலில் வேலை செய்கிறவனாக இருக்கலாம், கையில் கல்யாண மோதிரம் இருந்தது, அதைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்தான். எண்பது கிலோ குறையாமல் இருப்பான்.

"ஏய், ஏறாத" என்று இன்னாசி கத்தினான். "ஏறாதல, எறங்கு!"

அவன் குரலிலும் கனம் இல்லை. கூட்டத்தின் சத்தத்துக்கு மேலே அது எங்கோ போயிற்று.

அந்த ஆள் கூண்டின் படிகளில் ஏறினான். மூன்று படி. ஒவ்வொரு படியும் அவன் கனத்துக்கு முனகியது. உள்ளே ஆல்வின் துரை மைக்கை அவன் வாய்க்கு நேராக நீட்டி, பாசமான குரலில், "பேரு என்னப்பா?" என்று கேட்டார்.